அணுமின் நிலையமும் அவசர விளக்கும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இருட்டு புதிதன்று. கோழி கூவும் வேளையில் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன தலைமுறை நம்முடையது. வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் மரம் பாலை நன்றாக வடிக்கும். ஆகையால் சூரியனுக்காகக் காத்திருக்க முடியாது. அந்நாளில் கார்பைட் விளக்கு, பிறகு பேட்டரி விளக்கு. எதுவாக இருந்தாலும் கத்தி ஓடும் பட்டையைக் காட்டும் அளவுக்கு ஒரு முழம் வெளிச்சம் போதும். அந்த ஒரு முழம் வெளிச்சம் இல்லையென்றால் எவ்வளவு கைதேர்ந்த வெட்டுக்காரராலும் ஒரு மரத்தைக்கூட ஒழுங்காக வெட்ட முடியாது.

வீட்டுக்குள் வந்தாலும் அதே கதைதான். செர்காம், மெர்லிமாவ், ஜாசின் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், பழைய நாளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுபோலவே இருக்கும். தோட்டத்து எஞ்சின் மாலையில் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிவாக்கில் நின்றுவிடும். அது நிற்கப்போகிறது என்பதற்கு அடையாளமாக விளக்கு ஒருமுறை மங்கும். அதற்குள் அம்மா படுக்கை விரித்து, சிமினி விளக்கைத் துடைத்து, தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிடுவார். தீப்பெட்டிக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்திலிருந்து அதை எடுத்து விளையாடினால் முதுகில் இரண்டு வைப்பார். இருட்டில் கை நீட்டினால் தீப்பெட்டி கிடைக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதும் அந்தச் சட்டத்தைப் பற்றித்தான். ஆனால் இடம் மட்டும் மிகப் பெரியது. ஓர் அணுமின் நிலையத்தில் எல்லா விளக்கும் அணைந்துபோனால் என்ன ஆகும், அங்கே தீப்பெட்டியை யார் எங்கே வைத்திருக்கிறார்கள், உலகம் இதை எப்படி, எந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது என்பதைப் பார்ப்போம்.

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லையே, நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். மலேசியாவில் மின்சாரம் எடுக்கும் அணு உலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாங்கியில் ஆராய்ச்சிக்கான சிறிய அணு உலை ஒன்று 1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் இயங்கத் தொடங்கியது. நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழகத்திலோ கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் கட்டப்பட்டுள்ளன. அங்கே நம் உறவினர்கள் வாழ்கிறார்கள். சிலர் அங்கே வேலையும் செய்கிறார்கள். அதுவும் அல்லாமல், எஞ்சினும் கேபிளும் பேட்டரியும் உள்ள எந்த இடத்திலும் பயன்படும் பாடம் இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அணுமின் நிலையம் என்பது அடிப்படையில் தண்ணீரைக் காய்ச்சும் இடம். யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் நீர் ஆவியாகிறது. ஆவி ஒரு பெரிய சுழலியைச் சுற்றுகிறது. சுழலி மின்னாக்கியைச் சுற்றுகிறது. இதுவரை நிலக்கரி எரிக்கும் நிலையத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு உலையை நிறுத்தும்போதுதான் தெரியவருகிறது.

ரப்பர் ஷீட்டைப் புகை போடும் புகைக்கூடத்தை நாம் பார்த்திருக்கிறோம். அடுப்பில் புதிய விறகு வைப்பதை நிறுத்திவிட்டால் நெருப்பு தணியும். ஆனால் தணல் உடனே ஆறிவிடாது. அணு உலையும் அப்படித்தான். அணுப் பிளவை ஒரு நொடியில் நிறுத்திவிடலாம். ஆனால் பிளந்த துண்டுகள் தொடர்ந்து சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய உடனே முழுச் சூட்டில் 100க்கு 6 அல்லது 7 பங்கு மிஞ்சியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் 100க்கு ஒன்றரைப் பங்கு இருக்கும். கேட்பதற்கு இது சிறிதாகத் தோன்றும். ஆனால் மலையளவு சூட்டில் ஒன்றரைப் பங்கு என்பதும் குன்றளவு அல்லவா? புகைக்கூடத்துத் தணலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அணு உலைக்கோ நாள்கணக்கில் நீர் பாய்ந்துகொண்டே இருக்கவேண்டும். பாயாவிட்டால் எரிபொருள் உருகிவிடும்.

நீர் பாய்ச்ச பம்பு வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் மனிதன் நேரில் போய் வால்வைக் கையால் திருப்பவேண்டும். அப்படிப் போகும் மனிதனுக்கு வெளிச்சம் வேண்டும். அவசர விளக்கு அங்கே அலங்காரத்துக்கு வைத்தது அன்று. கடைசி ஆயுதத்தை எடுக்கப் போகும் கைக்குத் துணை அது.

ஆகவேதான் அணுமின் நிலையத்தில் மின்சாரத்தைப் பல படிகளாக வைத்திருக்கிறார்கள். முதல் படி, நாட்டின் பொது மின்கம்பியிலிருந்து வரும் மின்சாரம். அது போனால் டீசல் எஞ்சின்கள் தாமாகவே ஓடத் தொடங்கும். ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக இவை இருக்கும். டீசல் எஞ்சின் வேகமெடுக்கும் வரையிலும், அதுவும் ஓடாமல் போனால் அதற்குப் பின்னும் தாங்குவதற்கு, வரிசை வரிசையாக அடுக்கிய பேட்டரிகள் இருக்கும். நம் லோரியில் உள்ள பேட்டரிக்கு அண்ணன் என்று இவற்றைச் சொல்லலாம். விளக்குகளையும் இதே முறையில் பிரித்திருப்பார்கள். சாதாரண விளக்கு பொதுக் கம்பியில் எரியும். சில விளக்குகள் டீசல் மின்சாரத்தில் எரியும். கட்டுப்பாட்டு அறையிலும் முக்கியமான வழிகளிலும் உள்ள சில விளக்குகள் பேட்டரியில் எரியும்.

இவை தவிர, தன்னந்தனியாக நிற்கும் விளக்குகளும் உண்டு. சினிமாக் கொட்டகையிலும் பள்ளி மண்டபத்திலும் கதவுக்கு மேலே 'கெலுவார்' என்று பச்சை விளக்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் தம்பிதான் இது. பெட்டிக்குள் ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை அது நிரம்பிக்கொண்டே இருக்கும். பழைய வகைப் பெட்டியில் ஒரு சிறிய மின்காந்தம், ஸ்பிரிங் பூட்டிய ஒரு இரும்புத் துண்டைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றதும் காந்தத்தின் பிடி தளரும். ஸ்பிரிங் துண்டைத் தள்ளும். பேட்டரியும் விளக்கும் இணைந்து ஒளி வரும். எவரும் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டவேண்டியதில்லை. பிடித்திருந்த கை விட்டுவிடுவதே இங்கே கட்டளை ஆகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களின் அறிவை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அணுமின் நிலையங்களில் இந்த விளக்கு எங்கே இருக்கவேண்டும், எவ்வளவு நேரம் எரியவேண்டும் என்ற கேள்விக்குத் திட்டவட்டமான விடையை ஒரு மெழுகுவர்த்திதான் கொண்டுவந்தது. அந்த வரலாற்றைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரௌன்ஸ் ஃபெர்ரி என்ற இடத்தில் ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. 1975ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், நண்பகல் வேளை. கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே கேபிள்கள் எல்லாம் கூடிப் பிரியும் அறை ஒன்று உண்டு. கேபிள்கள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்களில் காற்று கசிகிறதா என்று தொழிலாளர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக் கருவி என்ன தெரியுமா? மெழுகுவர்த்திச் சுடர். சுடர் ஆடினால் அங்கே காற்று கசிகிறது என்று பொருள். துளையை அடைக்க வைத்திருந்த நுரைப்பஞ்சோ எளிதில் தீப்பற்றக்கூடியது. சுடர் பஞ்சைத் தொட்டது. தீ சுவருக்கு அப்பால் ஓடியது. ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரிந்த அந்தத் தீயில் 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் நாசமாயின. இரண்டு உலைகளையும் நிறுத்தினார்கள். குளிர்நீர் பாய்ச்சும் கருவிகள் பலவற்றை இயக்க முடியாமல் போனது. கடைசியில் கிடைத்த பம்புகளைக் கொண்டு நிலைமையைச் சமாளித்தார்கள்.

அந்தத் தீக்குப் பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தீப்பாதுகாப்பு விதிகளை வகுத்தது. 1980இல் வெளியாகி 1981இல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளில் இரண்டை நாம் நினைவில் வைக்கவேண்டும். ஒன்று, முதன்மைக் கேபிளும் அதற்கு மாற்றாக உள்ள கேபிளும் ஒரே தீயில் எரிந்துபோகாதபடி அவற்றைப் பிரித்து வைக்கவேண்டும். இரண்டு, உலையைப் பத்திரமாக நிறுத்துவதற்கு எந்தெந்தக் கருவியை மனிதன் இயக்கவேண்டுமோ அந்த இடங்களிலும், அங்கே போகும் வழியிலும் திரும்பும் வழியிலும், குறைந்தது 8 மணி நேரம் எரியக்கூடிய பேட்டரி விளக்குகள் இருக்கவேண்டும். இந்த விதியின் அருமையைக் கவனியுங்கள். கருவி இருக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் இருந்தால் போதாது. அங்கே போகும் வழிக்கும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்துவிட்டால் வால்வைத் திருப்புவது யார்?

இனி இந்தியாவுக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தில், கங்கைக் கரையில், நரோரா என்று ஓர் ஊர். அங்கே 220 மெகாவாட் அளவுள்ள இரண்டு அணு உலைகள் உள்ளன. 1993ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், விடியற்காலை மூன்றரை மணி. நம்முடைய அம்மாக்கள் எழுந்து அடுப்பு மூட்டும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலை ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும் சுழலியின் கடைசி வரிசையில் இரண்டு தகடுகள் முறிந்தன. நெடுநாள் அசைவில் உலோகம் களைத்துப்போய் முறிவது இது. கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதே, அதுபோல.

இரண்டு தகடு போனதும் சுழலியின் எடை ஒருபக்கமாகச் சாய்ந்தது. இயந்திரம் முழுவதும் பயங்கரமாக அதிர்ந்தது. மின்னாக்கியைக் குளிர வைப்பதற்காக உள்ளே ஹைட்ரஜன் வாயுவை அடைத்திருப்பார்கள். அதிர்ச்சியில் அதன் அடைப்புகள் பிளந்தன. ஹைட்ரஜன் வெளியேறித் தீப்பிடித்தது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள் தட்டுகளைப் பற்றிக்கொண்டு ஓடியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள் கையால் உலையை நிறுத்திவிட்டார்கள். அணுப் பிளவு நின்றது. ஆனால் தணல் இருக்கிறதே! அதற்கு நீர் வேண்டும். நீருக்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தைத் தூக்கி வந்த கேபிள்கள்தாம் எரிந்துகொண்டிருந்தன.

பொதுக் கம்பியின் மின்சாரத்தைக் கொண்டுவரும் கேபிளும், அவசரகால மின்சாரத்தைக் கொண்டுவரும் கேபிள்களும் நடுவில் தீத்தடுப்பு இல்லாமல் ஒரே வழியாகச் சென்றிருந்தன. ஆகவே எல்லாம் சேர்ந்து எரிந்தன. டீசல் எஞ்சினும் பேட்டரியும் இருந்தும் அவற்றின் சக்தி போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. முதல் உலை முழுவதும் இருண்டது. அந்த இருட்டு 17 மணி நேரம் நீடித்தது. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை புகுந்தது. அங்கே இருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. இத்தகைய வேளைக்கென்றே கட்டிய மாற்றுக் கட்டுப்பாட்டு அறைக்கும் மின்சாரம் இல்லை. உலைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு முள்ளும் அசையவில்லை.

நேயர்களே, அந்த வேளையில் அங்கே இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெளியே தீ, உள்ளே புகை, எங்கும் இருட்டு. உலை நின்றுவிட்டது என்று தெரியும். ஆனால் நின்றபடியே இருக்குமா என்று பார்ப்பதற்கு வழி இல்லை. உலை குளிரக் குளிர அணுப் பிளவு மறுபடி தொடங்கிவிடக்கூடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதைத் தடுக்க ஒரு மருந்து உண்டு. போரான் கலந்த நீர் என்பது அதன் பெயர். அணுவைப் பிளக்கும் நியூட்ரான்களை அது விழுங்கிவிடும். அந்த நீரை உயரத்தில் ஒரு தொட்டியில் வைத்திருந்தார்கள். வால்வைத் திறந்துவிட்டால் பம்பு இல்லாமலே, தன் எடையாலேயே அது உலைக்குள் இறங்கும். ஆனால் வால்வைத் திறக்க ஒருவர் மேலே போகவேண்டுமே!

போனார்கள். பேட்டரியில் எரியும் கைவிளக்குகளை எடுத்துக்கொண்டு, இருண்ட உலைக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, கையால் வால்வுகளைத் திறந்தார்கள். போரான் நீர் இறங்கியது. அணுப் பிளவு மறுபடி தலைதூக்காது என்ற உறுதி கிடைத்தது. கோடிக்கணக்கான ரூபாய் செலவிட்டு அமைத்த மின்சாரப் படிகள் எல்லாம் கைவிட்ட நேரத்தில், மனிதன் கையில் பிடித்த டார்ச் லைட் கைகொடுத்தது.

மிஞ்சிய சூட்டை என்ன செய்தார்கள்? இங்கேதான் இயற்கை உதவியது. சூடான நீர் மேலே ஏறும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். அடுப்பில் உலைநீர் கொதிக்கும்போது அரிசி மேலும் கீழுமாகச் சுழல்வதை நாம் தினமும் பார்க்கிறோம். உலையிலிருந்து சூடான நீர் மேலே உள்ள கொதிகலன்களுக்கு ஏறியது. அங்கே சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பியது. பம்பு இல்லாமலே இந்தச் சுழற்சி நடந்தது. ஆனால் கொதிகலனின் மறுபக்கத்தில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அதற்கு, தீயணைப்புக்கென வைத்திருந்த டீசல் பம்புகளைப் பயன்படுத்தினார்கள். அவை தம் சொந்த எஞ்சினில் ஓடுபவை. எரிந்துபோன கேபிள்களை நம்பியிருக்கவில்லை. இப்படியாக அந்த 17 மணி நேரமும் கழிந்தது. தீ ஒன்றரை மணி நேரம் போல் எரிந்து அடங்கியது. கதிரியக்கம் வெளியே கசியவில்லை; உயிர்ச்சேதமும் இல்லை. பூச்சியத்திலிருந்து ஏழு வரை உள்ள உலக அளவுகோலில் இந்த நிகழ்ச்சிக்கு மூன்றாம் படி கொடுத்தார்கள். உலை மறுபடி ஓட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

இங்கே நாம் கசப்பான ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். இந்த வகைச் சுழலியின் தகடுகளில் குறை உண்டு, மாற்றவேண்டும் என்ற செய்தி, வடிவமைத்த வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து 1989ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது என்றும், விபத்து நடக்கும்வரை மாற்றப்படவில்லை என்றும் டாக்டர் ஏ. கோபாலகிருஷ்ணன் எழுதியிருக்கிறார். அவர் 1993 முதல் 1996 வரை இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவராக இருந்தவர். கேபிள்களைப் பிரித்து வைக்கவேண்டும் என்ற பாடமும் பிரௌன்ஸ் ஃபெர்ரியின் மெழுகுவர்த்தி 18 ஆண்டுகளுக்கு முன்பே கற்பித்த பாடம்தான். பாடம் உலகத்துக்குத் தெரியும்; ஆனால் நரோராவின் சுவருக்குள் அது வந்து சேரவில்லை. விபத்துக்குப் பிறகுதான் தகடுகளை மாற்றினார்கள். கேபிள்களுக்கு இடையே தீத்தடுப்பு அமைத்தார்கள். எச்சரிக்கை வந்த காகிதம் மேசையில் கிடந்தபோது அதன் விலை ஒன்று. விடியற்காலை இருட்டில் படியேறியவர்கள் கொடுத்த விலை வேறு. காகிதத்தைக் கிடப்பில் போட்டவர் ஒருவர், கைவிளக்கோடு ஏறுகிறவர் வேறொருவர் என்பது எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். தோட்டத் தொழிலாளர்களாகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அடுத்து, நம் தமிழகத்துக் கல்பாக்கம். சென்னைக்குத் தெற்கே வங்கக் கடற்கரையில் உள்ள இந்த நிலையத்தின் முதல் உலை 1983ஆம் ஆண்டிலும் இரண்டாம் உலை 1985ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை வந்த ஆழிப்பேரலையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. பினாங்கிலும் கெடாவிலும் அது உயிர்களைக் குடித்தது. கல்பாக்கத்தில் கடல்நீர் உறிஞ்சும் பம்பு அறைக்குள் அலை புகுந்து பம்புகளை மூழ்கடித்தது. அன்று ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுபடவில்லை. ஆகவே இருட்டு சூழவில்லை. ஒரு வாரத்துக்குள் உலை மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் அருகிலிருந்த குடியிருப்பில் பலர் மாண்டார்கள். உலை தப்பியது, உலையைக் காத்தவர்களின் வீடுகள் தப்பவில்லை. கடல் எவ்வளவு உயரம் வரமுடியும் என்ற கேள்வியை அந்த நாள் எழுப்பிவிட்டுச் சென்றது.

அந்தக் கேள்விக்கு விடை ஏழு ஆண்டுகளுக்குள் ஜப்பானில் வந்தது. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு மாபெரும் நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் உடனே நின்றன. பொது மின்கம்பிகள் அறுந்தன. டீசல் எஞ்சின்கள் சொன்னபடி ஓடத் தொடங்கின. இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஏறத்தாழ 50 நிமிடம் கழித்துப் பேரலை வந்தது. டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவையும் மின்பலகைகளும் கட்டடங்களின் தாழ்ந்த தளங்களில் இருந்தன. கடல்நீர் அவற்றை மூடியது. முதலாம், இரண்டாம் உலைகளுக்கு உரிய பேட்டரி மின்சாரமும் போனது. கட்டுப்பாட்டு அறை இருண்டது.

அந்த அறையில் இருந்தவர்கள் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அளவுமானிகளைப் பார்த்தார்கள். அளவுமானிகளும் செத்துக் கிடந்தன. அவற்றுக்கு உயிர் கொடுக்க நிலையத்தில் நின்ற வாகனங்களின் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு வந்து, ஒன்றோடு ஒன்று இணைத்து, உலையில் நீர்மட்டம் எவ்வளவு என்று பார்த்தார்கள். உலகின் முன்னணித் தொழில்நாடு ஒன்றில், கார் பேட்டரியைக் கொண்டு அணு உலையின் நாடி பார்க்கவேண்டிய நிலை வந்தது. எவ்வளவு முயன்றும் மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது. இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. மூன்றாம் உலையின் கட்டுப்பாட்டு அறையில் மறுபடி விளக்கு எரிந்தது மார்ச் 22ஆம் நாள். பேரலை வந்து 11 நாள்கள் கழித்து!

அதே நிலையத்தில் ஐந்தாம், ஆறாம் உலைகளும் உண்டு. அவை தப்பின. காரணம் மிக எளியது. ஆறாம் உலைக்குரிய டீசல் எஞ்சின்களில் ஒன்று சற்று உயரமான இடத்தில் இருந்தது. அது கடல்நீரால் அன்றிக் காற்றால் குளிரும் எஞ்சின். அந்த ஒற்றை எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு உலைகளுக்கும் மின்சாரம் கொடுத்தது. தீப்பெட்டி இருந்தால் மட்டும் போதாது, அது நனையாத இடத்தில் இருக்கவேண்டும் என்று நம் அம்மாக்கள் சொல்வது இதைத்தான். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு பல நாடுகளில் நிலையங்களை மறுபடி சோதித்தார்கள். எடுத்துச் செல்லக்கூடிய எஞ்சின்கள், உயரமான இடத்தில் வைத்த கருவிகள், வெளியிலிருந்து நேரே நீர் பாய்ச்சுவதற்கான குழாய் இணைப்புகள் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். இந்தியாவிலும் இவ்வாறு செய்யப்பட்டது.

இப்போது மூன்று எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். சட்டம் கேட்டது 8 மணி நேர வெளிச்சம். நரோராவில் இருட்டு நீடித்தது 17 மணி நேரம். ஃபுகுஷிமாவில் 11 நாள். மனிதன் எழுதி வைக்கும் கணக்கை இருட்டு மதிப்பதில்லை. ஆகையால் விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்பதோடு நின்றுவிடக்கூடாது. அது அணைந்த பிறகு அடுத்த விளக்கை யார், எந்த வழியாகக் கொண்டுவருவார் என்றும் கேட்கவேண்டும்.

நம் நாட்டிலும் ஓர் இருட்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் மாலை, திரெங்கானுவில் உள்ள பாக்கா மின்நிலையத்தில் தொடங்கிய கோளாற்றால் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் நின்று, பல மணி நேரம் இருண்டு கிடந்தது. நகரத்தில் மின்தூக்கிகள் நடுவழியில் நின்றன. சாலை விளக்குகள் அணைந்தன. தோட்டத்தில் இருந்த பெரியவர்களோ எழுந்து, வழக்கமான இடத்தில் கைநீட்டி, விளக்கை ஏற்றினார்கள். பல ஆண்டுகளாக எஞ்சின் நிற்பதைப் பார்த்துப் பழகிய கைகள் அவை. மின்சாரம் நிற்கவே நிற்காது என்று நம்பியவர்கள்தாம் அன்று தடுமாறினார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நம் வீட்டுக்கும் ஊருக்கும் எடுத்துச் செல்லவேண்டியது என்ன? ஒரு தோட்டத்தில் நாம் கண்டதைச் சொல்கிறோம். மருந்தகத்துச் சுவரில் அழகான அரிக்கேன் விளக்கு ஒன்று தொங்கும். கண்ணாடியை நாள்தோறும் துடைப்பார்கள். ஓரிரவு பிரசவத்துக்காக ஒரு தாயைக் கொண்டுவந்தபோது எஞ்சின் நின்றுவிட்டது. விளக்கை எடுத்தார்கள், அதில் எண்ணெய் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து விளக்கு வரும்வரை அந்தத் தாய் இருட்டில் கிடந்தார். கடவுள் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

அவசர விளக்கின் குணமே அதுதான். தேவைப்படாத நாளில் அது நல்லதா கெட்டதா என்று தெரியாது. தேவைப்படும் நாளில் தெரிந்து பயனில்லை. ஆகவே சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி. அணுமின் நிலையங்களில் டீசல் எஞ்சின்களைக் குறித்த நாளில் ஓட்டிப் பார்ப்பதும், பேட்டரிகளை அளந்து பார்ப்பதும் சட்டம். நம் ஊர்ப் பள்ளியிலும், கோயில் மண்டபத்திலும், வேலை செய்யும் ஆலையிலும் கதவுக்கு மேலே ஒரு பச்சை விளக்கு இருக்கும். அதில் 'சோதனை' பொத்தான் ஒன்றும் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க யாராவது பொறுப்பேற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். எரியவில்லையென்றால் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். வெளியேறும் கதவு பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். கேட்பது நம் உரிமை. அப்படிக் கேட்பது யாரையும் குற்றஞ்சாட்டுவது ஆகாது.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்களில் சிலர் நாளை மின்பணியாளராகவும் பொறியியலாளராகவும் வருவீர்கள். நரோராவில் உச்சிக்கு ஏறியவர்களின் துணிவைப் பற்றிப் படியுங்கள், பெருமைப்படுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் ஏறவேண்டிய நிலை ஏன் வந்தது என்றும் கேளுங்கள். இரண்டு கேபிள்களை இரண்டு வழியில் இழுத்திருந்தால், வந்த எச்சரிக்கையை உரிய நாளில் படித்திருந்தால், அந்தத் துணிவுக்கே வேலை இருந்திருக்காது. ஒருவனுடைய துணிவை நம்பி இன்னொருவன் சோம்பியிருப்பது நியாயம் அன்று.

இன்று செர்காம் பக்கம் இரவில் வண்டியில் போனால் கடற்கரை வரை மின்விளக்குகள் வரிசையாக எரிகின்றன. எஞ்சின் நிற்கும் பத்து மணி என்பது பேரப்பிள்ளைகளுக்குக் கதை. நல்லதுதான். ஆயினும் இன்றிரவு படுக்கப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் உள்ள டார்ச் லைட்டை எடுத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எரிந்தால் அதற்கென்று ஓர் இடம் வைத்து, வீட்டில் எல்லாருக்கும் அந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள். எரியவில்லையென்றால் நாளைக்கே புதுப் பேட்டரி வாங்கிவிடுங்கள்.